பழுது பார்க்கும்போது எழுதிவைக்கும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: அம்பத்தூர் பராமரிப்பாளர்

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் வி.எம்.சி. இயந்திரங்கள் எங்களிடம் உள்ளன. அவற்றில் ஒன்று சில மாதங்களாக, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுவிடுகிறது. இயந்திரத்தின் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சர்வோ டிரைவுக்கு வரும் மின்னழுத்தம் குறைந்துவிட்டதாகத் திரையில் அலாரம் வரும். ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கிவிடும். பிறகு சில நாட்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

மூன்று ஷிப்டுகளிலும் ஆட்கள் மாறுவதால் அவரவர் தமக்குத் தோன்றியதைச் செய்திருக்கிறார்கள். பேனலின் மின்விசிறி வடிகட்டியை ஒருவர் சுத்தம் செய்திருக்கிறார். கேபிளை ஒருவர் மாற்றியதாகச் சொல்கிறார்கள். ஸ்டோரிலிருந்து புதிய பவர் சப்ளை யூனிட்டை எடுத்து இன்னொருவர் பொருத்தியிருக்கிறார். எது முதலில் நடந்தது, எதற்குப் பிறகு அலாரம் குறைந்தது அல்லது கூடியது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிரேக்டவுன் பதிவேட்டைப் புரட்டினால், ‘மெஷின் நின்றது, பார்க்கப்பட்டது, ஓகே’ என்ற ஒரே வரிதான் வெவ்வேறு கையெழுத்துகளில் இருக்கிறது. இயந்திரத் தயாரிப்பாளரின் சர்வீஸ் பொறியாளர் வந்து, ‘இதுவரை என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அவர் டிரைவையே மாற்றிவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம் தெரியாமல் அவ்வளவு பெரிய செலவுக்கு நிர்வாகம் ஒப்புதல் தர மறுக்கிறது. அதில் தவறும் இல்லை.

நான் கேட்க விரும்புவது இந்த அலாரத்துக்கான மருந்தை அல்ல. இப்படி வந்துபோகும் பழுதுகளில் எதை எழுதிவைக்க வேண்டும், நோட்டிலா கணினியிலா வாட்ஸப் குழுவிலா, எழுதிப் பழகாத தொழிலாளர்களை எழுதவைப்பது எப்படி என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சோழிங்கநல்லூர் சர்வர் பிரிவு

ஐயா, நான் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் சர்வர்களைப் பராமரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். இயந்திரம் வேறு என்றாலும் சிக்கல் ஒன்றுதான். ‘ஓகே’ என்பது இயந்திரத்தின் அப்போதைய நிலையைத்தான் சொல்கிறது; பழுதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் குழுவில் கண்டது, கருதியது, செய்தது, செய்தபின் நடந்தது ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதுகிறோம். ‘டிரைவுக்கு மின்சாரம் சரியாக வரவில்லை’ என்று ஒருவர் எழுதினால் அது அவர் கண்டதா, கருதியதா என்று அடுத்த ஷிப்டில் வருபவருக்குத் தெரியாது. ‘அலாரம் வந்தது, டிரைவின் உள்ளீட்டு முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 392 வோல்ட் இருந்தது, கேபிள் இணைப்பு தளர்ந்திருக்கலாம் என்று நினைத்து அசைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை’ என்று எழுதினால், அவர் நினைத்தது தவறாகவே இருந்தாலும் அவர் பார்த்தது அடுத்தவருக்குப் பயன்படும்.

வேலை நடக்கும்போதே எழுத வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பழுது தீர்ந்த பிறகு உட்கார்ந்து எழுதும்போது, நேராக விடையை நோக்கி நடந்து போனதைப் போல நம் நினைவு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுகிறது; இடையில் முயன்று பலிக்காதவை காணாமல் போய்விடுகின்றன. அடுத்த முறை அதே பழுது வரும்போது மிகவும் தேவைப்படுவது அந்தப் பலிக்காத முயற்சிகளின் பட்டியல்தான், ஏனென்றால் எங்கெல்லாம் தேட வேண்டியதில்லை என்பதை அதுதான் சொல்கிறது.

ரீசெட் செய்வதற்கு முன்பு திரையைக் கைப்பேசியில் படம் எடுக்கும் பழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள். இத்தகைய இயந்திரங்களை இயக்கும் சி.என்.சி. எனும் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை அலாரம் வரலாற்றைச் சேமித்துவைக்கும். ஆனால் அதில் குறிப்பிட்ட அளவுக்குத்தான் இடமுண்டு, புதியவை வர வரப் பழையவை அழிந்துவிடும். இன்றைக்கே அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்துவிடுங்கள். அப்படி எடுக்கும்போது இயந்திரத்தின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் துறையில் சில சர்வர்கள் உலகப் பொது நேரத்தையும் சில இந்திய நேரத்தையும் காட்டும். இரண்டுக்கும் 5 மணி 30 நிமிட வேறுபாடு இருப்பதை மறந்து, சம்பந்தமே இல்லாத இரண்டு நிகழ்வுகளை ஒன்றுக்கொன்று காரணமென்று முடிச்சுப் போட்டு அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாக் கணினிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும்படி அமைத்துவிடுவது எங்களிடம் அடிப்படை வேலை. ஆலைத் தளத்தில் அந்த வசதி இருக்காது; வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டாலே போதும்.

வாட்ஸப்பைப் பொறுத்தவரை, படம் அனுப்ப அது வசதியான வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் பண்டிகை வாழ்த்துகளுக்கும் விடுப்புக் கோரிக்கைகளுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு படத்தை ஆறு மாதம் கழித்துத் தேடி எடுப்பது எளிதல்ல. கைப்பேசியை மாற்றியவரிடம் பழைய படங்கள் இருக்குமா என்பதும் சந்தேகம். படம் அங்கே வரட்டும். ஷிப்ட் முடிவதற்குள் அது நோட்டிலோ கணினியிலோ இயந்திர எண்ணோடு ஏறிவிட வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற சிக்னல் பணியாளர், பெரம்பூர்

தம்பி, ரயில்வே சிக்னல் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வந்துபோகும் பழுதைப் பற்றிக் கேட்டிருப்பதால் தண்டவாளச் சுற்றைச் சொல்லியாக வேண்டும்.

தண்டவாளத்தின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, அதன் ஒரு முனையில் சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்தால், மறுமுனையில் உள்ள ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அதை வாங்கி மேலே நிற்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுவதால் ரிலே விழும். அந்தப் பகுதியில் வண்டி இருக்கிறது என்று நிலையத்துக்குத் தெரியும். மழை பெய்து ஜல்லி நனைந்து, அதில் சேறும் படிந்திருந்தால், மின்னோட்டம் ஜல்லி வழியாகவே கசியும். வண்டியே இல்லாமல் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிவிடும். ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாகும்படி அமைத்திருப்பதால் விபத்து நேராது, ஆனால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்கும். பணியாளர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் வந்து ஜல்லி காய்ந்திருந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ‘நேரில் பார்த்தபோது சரியாக இருந்தது’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால் அடுத்த மழையில் அதே கதைதான்.

இதற்கு எங்களுக்கு உதவியது பழுதுப் பதிவேடு ஒன்று மட்டுமல்ல. பழுது இல்லாத நாட்களிலும், பராமரிப்புக்குப் போகும்போதெல்லாம், மின்சாரம் கொடுக்கும் முனையில் எத்தனை வோல்ட், ரிலே முனையில் எத்தனை வோல்ட் என்று எழுதிவைப்போம். ரிலே முனையில் அளவு மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வருவது அந்த வரிசையைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் அளவை மட்டும் பார்த்தால் அது விதிக்கு உட்பட்டதாகத்தான் இருக்கும். உங்கள் இயந்திரம் நன்றாக ஓடும் நாளில் மின்னழுத்தம் எவ்வளவு என்று யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் அலாரம் வந்த நாளின் அளவை எதனோடு ஒப்பிடுவீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். சிக்னல் கருவி எதையும் கழற்றுவதற்கு முன்பு டி/351 என்ற படிவத்தில் எதைத் துண்டிக்கப்போகிறோம் என்று எழுதி, நிலைய அதிகாரியிடம் நேரத்தோடு கையொப்பம் வாங்க வேண்டும். வேலை முடிந்து சோதித்த பிறகு மீண்டும் இணைத்ததையும் அதேபோல் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பாதுகாப்புக்காக ஏற்பட்ட முறைதான். ஆனால் எந்தக் கருவியில் எப்போது யார் கை வைத்தார்கள் என்ற கேள்விக்கு, எத்தனை ஆள் மாறினாலும், அந்தத் தாளே விடை சொல்லும். வேலைக்கு முன் எழுதுவது முறையாகிவிட்ட இடத்தில் எழுத மறந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் ஆலையிலும் ஸ்டோரில் பொருள் வாங்கும் சீட்டிலேயே ‘எந்த இயந்திரத்துக்கு, எந்த அலாரத்துக்காக’ என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடலாம்; எழுதாவிட்டால் பொருள் கிடைக்காது என்றால் தானாக எழுதுவார்கள்.

பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டையே வாங்குங்கள். தவறாக எழுதியதை அடிக்கும்போது ஒற்றைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள்; அடிக்கப்பட்டதும் படிக்கத் தெரிய வேண்டும்.

பதில் 3: திருமுடிவாக்கம் சிறு தொழில் முனைவோர்

முன்னால் எழுதிய இருவரோடும் ஓரளவு மாறுபடுகிறேன். பதிவு நல்லது என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. அது ஏன் எழுதப்படுவதில்லை என்பதைத்தான் பேச வேண்டும்.

நான் பெரிய ஆலையொன்றில் வேலை பார்த்த காலத்தில் பதிவேடுகளுக்குக் குறைவே இல்லை. தணிக்கைக்கு முந்தைய வாரம், பல மாதங்களின் பக்கங்கள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பப்படும். தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, குறைபாடு என்ன, அதற்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, அதன் விளைவு என்ன என்பதற்குச் சான்று இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. இத்தனை கட்டங்கள் கொண்ட படிவம் வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கட்டங்களைப் பெருக்கியவர்கள் நாம்தான். தணிக்கையாளருக்காக எழுதுவது வேறு, வேலைக்காக எழுதுவது வேறு. இரண்டையும் ஒரே தாளில் செய்ய முயன்றால் முதலாவதே வெல்லும்.

அதைவிட முக்கியமான காரணம் பயம். பதிவேட்டில் உண்மையை எழுதியவருக்கு மறுநாள் மெமோ வந்தால், அதன் பிறகு அந்த ஆலையில் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள். ‘பவர் சப்ளை யூனிட்டை மாற்றினேன், பயனில்லை’ என்று ஒரு தொழிலாளி எழுதினால், விலை உயர்ந்த பொருளை வீணாக்கினாய் என்று கேட்பவர் மேலதிகாரியாக இருக்கும்வரை ‘ஓகே’ என்ற சொல்தான் அவருக்குப் பாதுகாப்பு. உங்கள் ஆட்களைக் குறை சொல்வதற்கு முன்பு இதை விசாரித்துப் பாருங்கள் ஐயா.

நான் இப்போது எனது சிறிய பட்டறையில் எல்லாப் பழுதையும் எழுதச் சொல்வதில்லை. பொருள் மாற்றப்பட்டாலோ, அதே பழுது திரும்ப வந்தாலோ, அரைமணி நேரத்துக்கு மேல் வேலை நின்றாலோ எழுத வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம். எழுத வராதவர்கள் வாயால் சொல்லிக் குரல்பதிவு அனுப்பலாம், மேற்பார்வையாளர் எழுதிக்கொள்வார். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்பு முந்தைய நாளின் குறிப்புகளை நானே எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறேன். தாம் எழுதியதை முதலாளி படிக்கிறார், அதைப் பற்றிக் கேள்வி கேட்கிறார், ஆனால் திட்டுவதில்லை என்று தெரிந்த பிறகு வரிகள் தாமாகவே நீண்டன. படிக்க ஆளில்லாத பதிவேட்டை எழுதச் சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

பதில் 4: கருவியியல் ஆசிரியர், கிண்டி

மூன்றாவது பதிலில் சொல்லப்பட்ட எச்சரிக்கை நியாயமானது. ஆனால் ‘குறைவாக எழுதுங்கள்’ என்பதிலும் ஓர் இடர் உண்டு. எது தொடர்புடையது என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால் பழுதும் தெரிந்திருக்கும்; தெரியாதபோது தொடர்பற்றதாகத் தோன்றும் சூழல் விவரங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

இதற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் மதராஸ் வானாய்வகம் அமைந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதன் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம், 1820, 1821 ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடப்படும் பீரங்கிகளைப் பயன்படுத்திக் காற்றில் ஒலியின் வேகத்தை அளந்தார். வெடியின் ஒளி தெரிவதற்கும் ஓசை கேட்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும் குறித்திருந்தாலும் அவருக்கு ஒரு சராசரி கிடைத்திருக்கும். அவரோ ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றையும் பக்கத்தில் பதிந்துவைத்தார். அதனால்தான் மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, குளிர்ந்த மாதங்களில் வேகம் குறைந்தும் வெயில் மாதங்களில் கூடியும் இருப்பதைக் காட்ட முடிந்தது. அந்த அட்டவணைகள் 1823இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. வெப்பநிலை ஒரு செல்சியஸ் டிகிரி உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது என்று இன்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சூழல் விவரங்களை அவர் விட்டிருந்தால் அந்த வேறுபாடுகள் எல்லாம் அளவைப் பிழை என்றே ஒதுக்கப்பட்டிருக்கும்.

உங்கள் இயந்திரத்துக்கு இதைப் பொருத்திச் சொல்வதானால், அலாரம் வந்த நேரத்தில் என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, வெட்டுக் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகமெடுக்கும் தருணமா அல்லது சும்மா நின்ற தருணமா, ஈ.பி. மின்சாரமா ஜெனரேட்டரா, அருகில் வேறு எந்தப் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியது, பேனலுக்குள் வெப்பம் எவ்வளவு ஆகியவற்றைக் குறிக்கலாம். ‘வோல்டேஜ் கம்மி’ என்று எழுதாமல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எந்த மீட்டரால், எந்த இரு முனைகளுக்கிடையே என்பதும் வேண்டும். கையில் பிடிக்கும் மல்டிமீட்டர் நொடியின் சிறு பகுதிக்குள் வந்துபோகும் சரிவைக் காட்டாது. ஆகவே மீட்டரில் சரியாக இருந்தது என்பதை மட்டும் வைத்து மின்சாரத்தின் மீது குற்றமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

கேள்வி கேட்டவர்: அம்பத்தூர் பராமரிப்பாளர்

அனைவருக்கும் நன்றி. புதிய பதிவேடு தொடங்குவதற்கு முன்பு, ஏற்கெனவே ஆலையில் சிதறிக் கிடக்கும் தாள்களைச் சேர்த்துப் பார்த்தோம். சோழிங்கநல்லூரிலிருந்து எழுதிய அம்மா சொன்னபடி அலாரம் வரலாற்றைப் பிரதி எடுத்தோம். இயந்திரத்தின் கடிகாரம் உண்மையான நேரத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்டிய பிறகு ஸ்டோர் சீட்டுகள், ஜெனரேட்டர் பதிவேடு, கம்ப்ரசர் அறையில் ஆபரேட்டர் எழுதும் தாள் ஆகியவற்றை வரிசையாக வைத்து ஒப்பிட்டோம்.

பவர் சப்ளை யூனிட் எந்த நாளில் ஸ்டோரிலிருந்து போனது என்பது சீட்டில் இருந்தது; அதற்கு முன்பும் பின்பும் அலாரம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வந்திருக்கிறது. அந்த யூனிட் காரணமல்ல என்று இப்போது துணிந்து சொல்ல முடிகிறது. அலாரங்களில் பெரும்பாலானவை, இரண்டாவது கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நேரத்தை ஒட்டி வந்திருக்கின்றன. எல்லாம் அல்ல, இரவு ஷிப்டில் அந்தக் கம்ப்ரசர் ஓடாத நேரத்திலும் சில வந்திருக்கின்றன, அவற்றுக்கு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

திருமுடிவாக்கம் நண்பர் சொன்னதையும் விசாரித்தேன். கேபிளை மாற்றியவர் அதை எழுதாததற்குக் காரணம் அவர் குறிப்பிட்டதேதான். மேலாளரிடம் பேசியிருக்கிறேன், பராமரிப்புக் குறிப்பைக் காட்டி யாருக்கும் மெமோ கொடுப்பதில்லை என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு ஆலை நிற்கும்போது கம்ப்ரசர் மோட்டாரை ஓடத் தொடங்கவைக்கும் ஸ்டார்டரை மாற்றிவிட்டு, இயந்திரத்துக்கு வரும் மின்பாதையின் இணைப்பு முனைகளையெல்லாம் இறுக்கிவிடலாம் என்று இருக்கிறோம்.

பதில் 5: சோழிங்கநல்லூர் சர்வர் பிரிவு

ஐயா, இரண்டையும் ஒரே ஞாயிறு செய்துவிடாதீர்கள். அலாரம் நின்றுவிட்டால் எதனால் நின்றது என்று தெரியாது. இரவு ஷிப்டில் வரும் அலாரங்கள் தொடர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். எதையும் தொடுவதற்கு முன்பு மின்னழுத்தத்தைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பவர் அனலைசர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அந்த மின்பாதையில் ஒரு வாரம் பொருத்தி, கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது, எவ்வளவு நேரம் சரிகிறது என்று பாருங்கள். அதன் கடிகாரத்தையும் இயந்திரத்தின் கடிகாரத்தையும் முதல் நாளே ஒன்றாக வைத்துவிடுங்கள்.

முனைகளை இறுக்குவதுதான் முதல் வேலை என்றால், மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிய பிறகு, ஒவ்வொரு முனையையும் இறுக்குவதற்கு முன்பு அது தளர்ந்திருந்ததா, அங்கே கருகிய நிறம் இருந்ததா என்று எழுதிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டார்டர் அடுத்த நிறுத்தத்துக்கு இருக்கட்டும்.